மூணாம் நாளுதான் அழுவா

என் முதல் குறும்படம் 22 நிமிடம் ஓடும். திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன் வெளிநாடு போவதா, ஊரோடு இருப்பதா என்று தவித்து, கடைசியில் போகிறான். அம்மா வாசல் நடையில் நின்று அழுகிறாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. பின்னால் வயலின் இழைகிறது. நான் கல்யாண வீடியோ எடுப்பவன். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது வீடே அழுவதை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். அழுகையை எப்படி எடுக்க வேண்டும் என்பது தெரியும் என்ற தைரியத்தில்தான் அந்தக் கடைசிக் காட்சியை எடுத்தேன்.

2017-இல் எங்கள் தெருவிலேயே இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டிப் படத்தைப் போட்டோம். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மூன்று மகன்களைச் சவூதிக்கு அனுப்பியவள்.

"எல்லாஞ் சரிதாம்யா. ஆனா அவன் போற அன்னைக்கு அவ அழமாட்டா. வீடு நெறைய ஆளு இருக்கும். காப்பி போடவும் சோறாக்கவும் பையைக் கட்டவுமே நேரம் காணாது. மூணாம் நாளுதான் அழுவா. சுத்துன பீடியக் கடைக்குக் கொண்டுபோக ஆளு இருக்காதுல்லா, அப்ப."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுவார்கள். கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே எண்ணிப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துவிட்டு, பாஸ் புத்தகத்தில் எழுதுவார்கள். பல வீடுகளில் அந்தக் கூடையைச் சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவது மகன்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கும்போது தொடங்கிய வேலை, ஐ.டி.ஐ. முடித்து மீசை வைத்த பிறகும் அவனுடையதாகவே இருக்கும். அவன் போய்விட்டான். கடை அடைக்கும் நேரம் நெருங்குகிறது. கூடை கட்டித் தயாராக இருக்கிறது, சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது.

ஆச்சி சொன்னது அந்த நேரத்தை. என் படத்தில் பீடிக் கூடையே இல்லை. பார்வைக்கு அழகாக இல்லை என்று அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேமராவை வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு படங்கள் எடுத்தேன். இரண்டும் இதே விஷயம்தான், ஊரா வெளிநாடா என்று நடுவில் நிற்கிற பிள்ளைகள். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பலர் இதே கதையோடு வருகிறார்கள், கதையைச் சொல்லி யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் நேரில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்பது, உன் ஊர்க்காரன் எங்கே போகிறான்? "வெளிநாடு" என்று பொதுவாகச் சொன்னால் படம் அப்போதே பாதி செத்துவிடும். எங்கள் சீமையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு திசை உண்டு. முப்பாட்டன் காலத்தில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டம். மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து, அப்புறம்தான் கப்பலேற்றுவார்கள். பிறகு பம்பாய் வந்தது, தாராவியில் இன்றும் திருநெல்வேலிப் பேச்சுக் கேட்கும். மெட்ராசில் மளிகைக் கடை வைத்த அண்ணாச்சிகள் தனிக் கதை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர். அந்த வீடுகளில் கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரைச் 'சபுராளி' என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்கே ஒரு படம் எடுக்கலாம். கடற்கரை ஊர்களில் வேறு கணக்கு. அங்கிருந்து மீனவர்கள் வளைகுடாவுக்கும் ஈரானுக்கும் படகு வேலைக்குப் போகிறார்கள். 2020-இல் கொரோனாவில் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களை ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல்தான் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. இந்த ஒவ்வொரு போக்கிலும் பயம் வேறு, கடன் வேறு, திரும்பி வரும்போது கொண்டுவரும் சாமான்கூட வேறு.

திசை தெரிந்தால் தகவல் பிழை வராது. என் முதல் படத்தில் அது நிறைய வந்தது. முன்னமே போன ஒரு பையன் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ கால் பேசுவதாக எடுத்திருந்தேன். திரையிட்ட அன்றே, லீவில் வந்திருந்த என் அத்தை மகன் எழுந்து, "அத்தான், துபாய்ல வாட்ஸ்அப் கால் போகாது, நாங்க வேற ஆப்லதான் பேசுதோம்" என்றான். அமீரகத்தில் அதற்குத் தடை இருப்பது அங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு காட்சியில், சவூதியில் இருக்கும் அண்ணனுக்கு அம்மா காலை 6 மணிக்கு போன் செய்து நிதானமாகப் பேசுகிறாள். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே அப்போது விடியற்காலம் மூன்றரை. அந்த நேரத்துக்கு அம்மா போன் அடித்தால், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறித்தான் எடுப்பான். நம் வீட்டில் இரவு 9 மணி ஆகும்போது அங்கே ஆறரை. வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, சமைக்கத் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம். அந்த நேரத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டே பேசுகிற மகன், பார்க்கிறவர்கள் மனத்தில் உடனே ஒட்டிக்கொள்வான்.

காகித விஷயத்திலும் இதே கதி. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பையனை எமிக்ரேஷன் கிளியரன்சுக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதிக்கு, அலையவிட்டிருந்தேன். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தாலே அது வேண்டியதில்லை. பத்து தேறாதவர்கள் வேலைக்காகச் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா முதலான 18 நாடுகளுக்குப் போகும்போதுதான் அந்த அனுமதி வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் எட்டாம் வகுப்போடு நின்ற கொத்தனார். அந்த முத்திரைக்காகத் தான் அலைந்ததை முழுசாகச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான், படத்தில் என் நாயகனைவிட அவர் இருந்திருக்க வேண்டும் என்று பட்டது.

ஏஜென்ட் பணமும் அப்படித்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது விதி. ஊரில் புழங்கும் தொகை லட்சத்தில் இருக்கும். நடுவில் ஒரு சப் ஏஜென்ட், அவருக்குக் கீழே ஊர்க்காரர் ஒருத்தர். என் படத்தில் அம்மா "ஒண்ணேகால் லட்சம் கேக்காவ" என்று சொல்லும் இடத்தை நான் மாற்றவில்லை, ஏனென்றால் நடப்பது அதுதான். ஆனால் எங்கே திரையிட்டாலும், முடிந்ததும் ஒரு நிமிடம் எழுந்து, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன். படத்துக்குள் இதைத் திணித்தால் விளம்பரம் போல ஆகிவிடும். வெளியே நின்று சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இரண்டாவது படம், 2019-இல் எடுத்தது, 14 நிமிடம். ஆச்சி சொன்னதை மனத்தில் வைத்து, போகும் நாளையே காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது, மெடிக்கல் முடிந்துவிட்டது, விசா வரவில்லை. அந்த இடைக்காலம் மட்டும்தான் படம். இந்த விஷயத்தில் ரொம்பக் கனமான பகுதி இதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். போவதா வேண்டாமா என்று ஒரு பையன் ஒரே ராத்திரியில் மொட்டைமாடியில் நின்று முடிவெடுப்பதில்லை. ஏழெட்டு மாதம் முடிவெடுக்காமலே கிடப்பான். உள்ளூரில் வேலைக்குக் கூப்பிட்டால் போக முடியாது, விசா வந்துவிட்டால் பாதியில் விட வேண்டும். கபடிக்குப் போகமாட்டான், கையை காலை ஒடித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். தெருவில் ஒருவரும் அவனிடம் "நல்லாருக்கியா" என்று கேட்கமாட்டார்கள், "எப்பல பயணம்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பயந்து டீக்கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போவான்.

இதற்காக அப்படிக் காத்திருந்த நாலைந்து பையன்களிடம் உட்கார்ந்து பேசினேன். ஒருவன் தன் போனைக் காட்டினான். 28 நாள் ரீசார்ஜ்தான் போடுவானாம், 84 நாளுக்குப் போட்டால் கணக்குப்படி லாபம் என்று தெரிந்தும். "இந்த மாசம் வந்துரும்ணே" என்றான். அப்படி எட்டு முறை போட்டிருக்கிறான். நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்க வசனத்தை அன்றே கிழித்துப் போட்டேன். கடைக்காரர் "84-ஆ, 28-ஆ?" என்று கேட்கிறார். அவன் ஒரு கணம் யோசித்து "28" என்கிறான். படத்தில் அது மூன்று முறை வருகிறது, மூன்றாவது முறை கடைக்காரர் கேட்கவே இல்லை. எங்கே திரையிட்டாலும் இந்த இடத்தில் பேச்சுச் சத்தம் நின்றுவிடும்.

ஆகவே எழுதுவதற்கு முன் போய் உட்காருங்கள். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். "போன்ல என்ன வச்சிருக்க, பையில என்ன வச்சிருக்க, யார் கண்ணுல படக் கூடாதுன்னு நெனைக்க" என்று இந்த மாதிரி கேட்டால் பதில் வரும். "உன் மனப் போராட்டம் என்ன" என்று கேட்டால் சினிமாவில் கேட்ட வசனத்தைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

அதே படத்தில் நான் செய்த பெரிய தப்பையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் என்னை நம்பிச் சொன்ன விஷயம் ஒன்று, மூத்த மகளுக்கென்று வைத்திருந்த செயினை அடகு வைத்துத்தான் ஏஜென்டுக்குக் கட்டினார்கள் என்பது. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், செயினை மாற்றவில்லை. எங்கள் ஊரில் அந்தச் செயினின் டாலரை வைத்தே யார் வீடு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த மாதமே தட்டிப்போனது. வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று அவளுடைய அம்மா எனக்காகச் சொன்னாள். என்னால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. காட்சியை வெட்டி எடுத்தேன், ஆனால் ஏற்கெனவே போன்களில் ஏறிப் போய்விட்டது. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்தேனோ, அவர்கள் வீட்டில் போய் முதலில் போட்டுக் காட்டுவேன். வீட்டுப் பெண்கள் எல்லோரும் இருக்கும்போது காட்ட வேண்டும். ஆண்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். நகையும் கடனும் யார் தலையில் விழும் என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். அது நான் நினைத்த படமாக முடியவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன், ஐ.டி.ஐ. பிட்டர். என்னை மாமா என்று கூப்பிடுவான். கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு வந்து, தாத்தாவின் ஒன்றேகால் ஏக்கர் வயலைத் தானே பார்ப்பதாகச் சொல்லி இறங்கினான். போகாமல் இருக்க முடிவெடுத்தவனின் கதையை எடுக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. அவனையே நடிக்கவைத்தேன், அவன் அம்மாவை அம்மாவாகவே. 2023 ஐப்பசியில் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் தயார் செய்வதிலிருந்து எடுக்கத் தொடங்கினோம்.

அம்மாவை நடிக்கவைப்பதுதான் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். "எனக்கு நடிக்கவெல்லாம் வராதுங்க" என்றாள். சரி, நடிக்க வேண்டாம், பீடி சுற்றுங்கள் என்றேன். கைக்கு வேலை கொடுத்ததும் முகம் தன்பாட்டுக்கு இருந்தது. வசனத்தைக் கொடுக்காமல் நிலைமையை மட்டும் சொன்னேன். "கூட்டுக்காரன் விசா வந்துட்டுன்னு சொல்லிட்டுப் போறான். உங்க மகன் பேசாம இருக்கான். நீங்க ஏதாவது கேளுங்க." அவள் கத்தரியால் இலையை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "வெஞ்சனத்துக்கு என்ன வைக்க?" என்றாள். வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. நான் எழுதியிருந்தால் இந்த வரி எனக்கு வந்திருக்காது.

பேச்சைப் பற்றி ஒன்று. திருநெல்வேலி என்றாலே நாலு பேர் "ஏலே" என்று கத்த வேண்டும் என்று ஆகிவிட்டது. வீட்டுக்குள் நாங்கள் மெதுவாகத்தான் பேசுவோம். அம்மா மகனை "எய்யா" என்பாள், கோபம் வந்தால்தான் "ஏல". வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது "அவிய வந்தாவ" என்பாள். வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவன் பேச்சில் அரபிச் சொல் நாலு கலந்திருக்கும். அக்காமா (தங்கும் அனுமதி அட்டை), கபில் (விசா கொடுத்த முதலாளி) என்று சாதாரணமாக விழும். டப்பிங்கை விட்டுவிட்டு எடுக்கிற இடத்திலேயே சத்தத்தைப் பிடியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஸ்டுடியோவில் போய்த் திரும்பப் பேசும்போது எல்லோரும் நிமிர்ந்து நின்று சுத்தமாகப் பேசிவிடுகிறார்கள்.

நேரடிச் சத்தத்துக்குக் காலர் மைக் போதும், பெரிய செலவில்லை. பேன் சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள், பேனை நிறுத்திவிட்டு எடுங்கள். வியர்க்கும், வியர்க்கட்டும். வசனம் எடுத்த ஒவ்வோர் இடத்திலும், எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் போடக் கைகொடுக்கும். பீடிக் கத்தரியின் சத்தத்துக்கு மைக்கைத் தட்டுக்குள்ளேயே இலைக்கு அடியில் வைத்தேன். முழுப் படத்துக்கும் அதுதான் இசை. ஒளிக்கு ஒரே ஒரு விஷயம். பழைய டியூப் லைட் வீடுகளில் படம் அலை அலையாக மினுங்கினால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 சைக்கிள், ஆகவே நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒன்று என்று வைத்தால் நின்றுவிடும். போனில் எடுப்பவர்கள் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் வாசலில் யாராவது குறுக்கே போகும்போதெல்லாம் அம்மா முகம் கறுத்து வெளுக்கும்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த நேரம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி வந்தது. தண்ணீர் வடிந்தபின் அவன் வயலுக்குப் போனோம். வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை, மணல் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பையில் கேமரா இருந்தது. அவன் குனிந்து மணலைக் கையால் ஒதுக்கிப் பார்த்தான், அடியில் பயிர் மஞ்சளாகப் படுத்திருந்தது. "எடுக்கியளா மாமா?" என்று கேட்டான். எடுக்கவில்லை என்றேன். "எடுங்க, பொறவு இது இருக்காது" என்றான். எடுத்தேன்.

தை மாதம் அவன் வெல்டிங்கும் சேர்த்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். சித்திரையில் விசா வந்துவிட்டது. படத்தில் இன்னும் நாலு காட்சி பாக்கி.

ஒரு நண்பர், ஊரில் இருப்பதாகவே முடித்துவிடு, அதுதான் நல்ல செய்தி என்றார். எனக்கு மனது வரவில்லை. ஊரிலேயே இரு, மண்ணை நம்பு என்று அறிவுரை சொல்லும் குறும்படங்கள் நிறைய வருகின்றன. எடுப்பவர்களில் பாதிப் பேர் சென்னையில் இருக்கிறார்கள். மணல் ஏறிய வயலைத் திருத்த எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் அந்த வசனத்தை எழுதக் கூடாது. அதே போல, போனவன் எல்லாம் கெட்டுப்போனான் என்று எடுப்பதும் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். எங்கள் தெருவில் மெத்தை வீடுகளெல்லாம் அந்தக் காசில் எழுந்தவைதான்.

விமான நிலையத்தில் எடுக்க அனுமதி கிடைப்பது கஷ்டம், திருட்டுத்தனமாக எடுக்கவும் போகாதீர்கள், மத்தியப் பாதுகாப்புப் படை நிற்கும் இடம். எங்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். வேன் பிடித்து வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை என்று போவோம். போகும்போது வேன் முழுக்கச் சத்தமாக இருக்கும், தின்பண்டம் கைமாறும், சின்னப் பிள்ளைகள் காற்றாலைகளை எண்ணும். அதை நான் எடுக்கவில்லை. அவனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்சீட்டில் அவன் இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நெருக்கத்திலும் அத்தை ஒருத்தி மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். அந்தச் சீட்டைத்தான் எடுத்தேன், போனில், ஆடிக்கொண்டே. படத்தில் நாற்பது நொடி இருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். ஆச்சி சொன்னது அச்சு அசலாக அங்கே இருந்தது, கட்டிய கூடை, சாய்ந்த சைக்கிள். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள். கேமராப் பையை வெளியே திண்ணையிலேயே வைத்துவிட்டு, கூடையை நானே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்தேன். அதை எடுத்திருந்தால் நல்ல காட்சி கிடைத்திருக்கும். கிடைக்க வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே கேட்டாள், "படம் முடியலியா? எடுக்கதுன்னா எடுங்க." பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் இப்போது கூடையைக் கொண்டுபோகிறான், அதை எடுத்தேன். அவள் கட்டுகளை எண்ணுகிறாள், கூடையைத் தூக்கிப் பின்னால் கட்டுகிறாள், பையன் கம்பிக்குக் கீழே காலை விட்டு அரைப்பெடல் போட்டு ஆடி ஆடிப் போகிறான். அவள் அழவில்லை, தெரு முக்குத் திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒரே ஷாட்.

அவன் தங்கியிருக்கும் அறையும் படத்துக்கு வேண்டியிருந்தது. இதில் கவனம் வேண்டும். வளைகுடா நாடுகளில் அடுத்தவரை அனுமதியில்லாமல் படமெடுத்தால் வம்பு வரும், கம்பெனி பெயர் தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. ஒரு ஷாட்டுக்காக ஒருவனுடைய சோற்றில் கைவைக்கக் கூடாது. உன் கட்டில், மேலே மின்விசிறியோ ஏசியோ, ஜன்னல், இவ்வளவு போதும், ஆள் யாரும் வர வேண்டாம், சீருடை வேண்டாம் என்று சொன்னேன். முதலில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினான், கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. டாக்குமென்டாக அனுப்பச் சொன்னதும் சரியாக வந்துவிட்டது. இரண்டடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு. மேல்தட்டுப் பலகையின் அடியில், முன்னால் இருந்த யாரோ பால்பாயின்ட் பேனாவால் நாட்களைக் கோடு போட்டு எண்ணியிருந்தார்கள். ஐந்தைந்தாக, பலகை முழுக்க. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கேமரா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

படம் 17 நிமிடம் வந்தது. முதலில் அவன் அம்மாவுக்குக் காட்டினேன், பிறகு அவனுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. இரவு 9 மணிக்குக் கூப்பிட்டான். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. படம் எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பயலுக்குச் சைக்கிள் சீட்ட இறக்கிக் குடுத்தியளா மாமா? கால் எட்டலல்லா அவனுக்கு" என்றான்.

இன்னும் இல்லை என்றேன்.

"நட்டு துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கும். தேங்கா எண்ணெய விட்டு ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. பொறவு பதினாலாம் நம்பர் ஸ்பானர் போட்டுத் திருப்புங்க, வந்துரும். ஸ்பானர் எங்க வீட்டுப் பெரையில, அருவாமனைக்குப் பக்கத்துல தொங்குது."